தேவகோட்டைப் பழைய வீட்டில் 5 லட்ச ரூபாய் கேமிங் பி.சி.: இந்தப் பாகங்கள் சரிவருமா?

தேவகோட்டை_தம்பி:

அண்ணன்மாருக்கு வணக்கம். மானிட்டரோடு சேர்த்து 5 லட்சத்துக்குள் ஒரு பி.சி. போடணும். 4கே-யில் எல்லா செட்டிங்கும் உச்சத்தில் வைத்து ஆட வேண்டும். எப்போதாவது வீடியோ எடிட்டிங் உண்டு. வேறு வேலை கிடையாது. இதுவரை குறித்து வைத்திருப்பது:

பிராசசர்: ரைசன் 9 9950எக்ஸ்3டி
கிராபிக்ஸ் கார்டு: ஆர்.டி.எக்ஸ் 5090
போர்டு: எக்ஸ்870ஈ, ஏதாவது ஒரு உயர்ந்த மாடல்
ரேம்: டி.டி.ஆர்.5 6400, 16 ஜி.பி. குச்சி நாலு
எஸ்.எஸ்.டி.: பி.சி.ஐ.இ. ஜென் 5 (ஐந்தாம் தலைமுறை இணைப்பு), 4 டி.பி.
எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை): 1000 வாட் கோல்டு
கூலர்: 360 மி.மீ. லிக்விட்
கேபினட்: மூன்று பக்கம் கண்ணாடி வருகிற மீன்தொட்டி மாடல்
மானிட்டர்: மிச்சம் இருக்கிற காசில் 32 அங்குலம் 4கே

வீட்டில் 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று கிடக்கிறது, ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டரும் இருக்கிறது. வீடு நடுவில் திறந்த முற்றம் (வளவு) உள்ள பழைய வளவு வீடு, வயரிங் பாதி புதுசு, பாதி தாத்தா காலத்தது. பி.சி. வைக்க இரண்டே இடம்தான். ஒன்று வளவை ஒட்டிய உள்ளறை, சன்னல் கிடையாது. இன்னொன்று மாடி அறை, சித்திரை வைகாசியில் அடுப்பு மாதிரி இருக்கும். இரண்டிலும் ஏ.சி. இல்லை. எதை மாற்றலாம், எதை விடலாம்?

கொத்தமங்கலம்_கம்ப்யூட்டர்:

தம்பி, முதலில் கணக்கு. 5090-க்கு என்விடியா 2025 ஜனவரியில் இந்தியாவுக்கு அறிவித்த ஆரம்ப விலையே 2,14,000 ரூபாய். கடையில் அந்த விலைக்குக் கிடைப்பது அபூர்வம், எப்போதும் அதற்கு மேலேதான். இந்தப் பட்டியலை 5 லட்சத்தில் அடைத்தால் மானிட்டருக்குச் சில்லறைதான் மிஞ்சும். 4கே-யில் ஆட இவ்வளவு பெரிய கார்டை வாங்கிவிட்டு மட்டமான மானிட்டரில் பார்ப்பது வீண் செலவு. கண்ணுக்குத் தெரிவது மானிட்டர்தான்.

5080-இன் ஆரம்ப விலை 1,07,000, அதாவது சரிபாதி. 4கே-யில் 5090 அதைவிட ஏறக்குறைய 50 சதவீதம் வேகம். இரண்டு மடங்கு காசுக்கு ஒன்றரை மடங்கு வேலை. 5090-இல் 32 ஜி.பி. நினைவகம், 5080-இல் 16. பிளெண்டரில் கனமான காட்சிகள், வீட்டிலேயே ஏ.ஐ. மாடல் ஓட்டுவது என்று இருந்தால் அந்த 32-க்கு அர்த்தம் உண்டு. கேமுக்கு இன்றைக்கு 16 போதும். 5070 டி.ஐ.-யையும் ஒரு கண் பாருங்க. அதுவும் 16 ஜி.பி., 300 வாட், ஆரம்ப விலை 80,000. 5080-க்கும் அதற்கும் வேக வித்தியாசம் விலை வித்தியாசத்தைவிடக் குறைவு.

பிராசசரில் 9950எக்ஸ்3டி வேண்டாம். அதில் எட்டு எட்டு கோராக இரண்டு சில்லு இருக்கிறது. கூடுதல் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) ஒரு சில்லில் மட்டும்தான். கேம் எந்தச் சில்லில் ஓட வேண்டும் என்பதை சிப்செட் டிரைவரும் விண்டோஸின் கேம் பாரும் சேர்ந்து முடிவு செய்யும். அது சரியாக அமைந்தால் பிரச்சினை இல்லை. அமையாவிட்டால் கேம் தப்பான சில்லில் ஓடி ஃபிரேம் தட்டுத் தடுமாறும். 9800எக்ஸ்3டி-யில் ஒரே சில்லு, 8 கோர், 96 எம்.பி. எல்3 கேஷ், இந்தத் தலைவலியே இல்லை. கேமில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். தினமும் எடிட்டிங்கே பிழைப்பு என்றால்தான் 16 கோருக்குக் காசு கொடுக்கலாம்.

ரேமில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஏ.எம்.5 போர்டில் (இந்த ரைசன்கள் பொருந்தும் சாக்கெட்) நாலு குச்சி போட்டால் மெமரி கன்ட்ரோலர் திணறும். அதிகாரபூர்வ வேகம் இரண்டு குச்சிக்கு 5600, நாலுக்கு 3600தான். நாலு போட்டு 6400 ஓடும் என்று நம்பி வாங்கினால் ஒன்று பூட் ஆகாது, அல்லது கேம் நடுவில் நீலத்திரை வரும். 6000 சி.எல்.30 (சி.எல். என்பது தாமத அளவு), எக்ஸ்போ முத்திரை (ஏ.எம்.டி. போர்டில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) உள்ள இரண்டு குச்சி வாங்குங்க. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தலைகால் தெரியாமல் ஏறிக் கிடக்கிறது, ஏ.ஐ. சர்வர்களுக்கே சரக்கு போவதால். இந்த நிலையில் 64 ஜி.பி. ஆடம்பரம். 16 வீதம் இரண்டு போதும். "பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணமும் வேண்டாம், மேலே சொன்ன சிக்கல் அப்போதும் வரும்.

எக்ஸ்870ஈ-க்குக் கொடுக்கும் காசில் பாதி, நீங்கள் தொடப்போகாத யூ.எஸ்.பி.4 போர்ட்டுகளுக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் போகிறது. வி.ஆர்.எம். (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் நல்ல ஹீட்சிங்க் உள்ள பி850 போர்டு 9800எக்ஸ்3டி-க்குத் தாராளம். வாங்குமுன் கையேட்டை இறக்கி எம்.2 ஸ்லாட் பக்கத்தைப் படிங்க. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-வில் எஸ்.எஸ்.டி. செருகினால் கிராபிக்ஸ் ஸ்லாட் 16 லேனிலிருந்து (தரவு போகும் பாதை) 8-க்கு இறங்கும். ஜென் 5-இல் 8 லேன் என்பது ஜென் 4-இன் 16-க்குச் சமம், அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் காரணம் தெரியாமல் மண்டையைக் குழப்பிக்கொள்வீர்கள். பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டாகப் பாருங்க. பிராசசர் பூட் ஆகாவிட்டாலும் பென் டிரைவ் வைத்து பயாஸ் ஏற்றிவிடலாம். அது இல்லாவிட்டால் போர்டைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓட வேண்டும்.

எஸ்.எஸ்.டி. ஜென் 4, 2 டி.பி. போதும். ஜென் 5 வாங்கினால் கேம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, சூடு மட்டும் கூடும்.

கண்டனூர்_எலக்ட்ரிக்கல்:

பாகம் எல்லாம் சரி. கரண்டைப் பத்தி யாரும் பேசலையே. பழைய வளவு வீட்டில் அதுதான் முதல் செலவு.

மரச்சட்டத்து மேலே ஓடுற பழைய வயர், ரெண்டு பின் பிளக் பாயின்ட், எர்த் கிடையாது. இல்லாட்டி மூணாவது ஓட்டை இருக்கும், பின்னால வயரே இருக்காது. அதில் பி.சி. மாட்டினா என்ன ஆகும்? எஸ்.எம்.பி.எஸ். உள்ளே பேஸுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒண்ணு இருக்கும், இரைச்சலை வடிகட்ட. எர்த் இருந்தா அந்தச் சின்னக் கசிவு அதில் இறங்கிடும். இல்லைன்னா கேபினட் பாடி 110 வோல்ட் சுமாருக்கு மிதக்கும். கரண்ட் ரொம்பக் கொஞ்சம், ஆளைக் கொல்லாது. ஆனா ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோட நின்னு கேபினட்டைத் தொட்டா சுருக்குன்னு இழுக்கும். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை ஓடும்போதே செருகினா அந்த மிதக்கிற வோல்ட்டேஜ் கேபிள் வழியா டி.வி. பக்கம் பாயும். போர்ட் போறது இப்படித்தான்.

மல்டிமீட்டர் எடுத்து பிளக் பாயின்ட்டில் மூணு அளவு பாருங்க. பேஸ்-நியூட்ரல் 230 சுமார். பேஸ்-எர்த் அதே அளவுக்கு வரணும். நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குள்ளே நிக்கணும். லோடு போட்டும் பாருங்க, அயர்ன் பாக்ஸை அதே லைனில் மாட்டிட்டு. அப்போ நியூட்ரல்-எர்த் 5, 10-னு குதிச்சா நியூட்ரல் ஜாயின்ட் லூஸ். பேஸ்-எர்த் 100, 120-னு ஆடினா எர்த் இல்லவே இல்லைன்னு அர்த்தம். டெஸ்டர் எரியுது, சரியா இருக்குன்னு எலக்ட்ரீஷியன் சொன்னா ஒத்துக்காதீங்க. டெஸ்டர் எர்த்தைக் காட்டாது.

செய்ய வேண்டியது: மீட்டர் போர்டிலிருந்து பி.சி. அறைக்குத் தனியா ஒரு லைன். இரண்டரை ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் மூணு, 16 ஆம்பியர் எம்.சி.பி., மெயினில் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா லைனை அறுக்கிற சுவிட்ச்), வீட்டுக்கு ஒழுங்கான எர்த் குழி. பாயின்ட் 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டா வைங்க. கரண்ட் அவ்வளவு இழுக்கும்னு இல்லை. 1000 வாட்டே 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்தான். ஆனா பெரிய எஸ்.எம்.பி.எஸ்.-களோட வர்ற பவர் கேபிளில் பெரும்பாலும் பெரிய பின்தான் இருக்கும். அதுக்குக் கன்வர்ட்டர் பிளக் வாங்கி சின்ன சாக்கெட்டில் தொங்கவிடுறதுதான் இங்கே வழக்கம். அந்த இடம்தான் கருகும்.

இன்னொண்ணு, சுவரைக் கட்டிங் மெஷினால் கீறவிடாதீங்க. சுண்ணாம்பு வழுவழுப் பூச்சைக் கீறினா அதே மாதிரி திரும்பப் பூச ஆள் கிடைக்கிறது கஷ்டம், சுண்ணாம்புத் தூளும் மாசக்கணக்கில் உதிரும். மேலோட்டமா பி.வி.சி. கேசிங்கில் உத்தரத்து ஓரமா கொண்டு போங்க.

மூணு பேஸ் வீடுன்னா ஓவர் வோல்ட்டேஜ் கட்டர் ஒண்ணும் போடுங்க. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தா ஒரு பேஸில் 300-க்கு மேலே ஏறும். எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் 100 முதல் 240 வரைன்னு போட்டிருக்கும், 300 தாங்காது. ஸ்டெபிலைசர் தேவையில்லை. லோ வோல்ட்டேஜை எஸ்.எம்.பி.எஸ். தானே சமாளிச்சுக்கும். ரிலே ஸ்டெபிலைசர் டப் டப்னு மாறும்போது வர்ற வெட்டுதான் பி.சி.-யை ரீஸ்டார்ட் பண்ணும்.

தேவகோட்டை_தம்பி:

நன்றி அண்ணே. வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இருப்பது இப்போதைய பழைய பி.சி.-யிலேயே உண்டு, ஏதோ ஈரத்தால் என்று விட்டுவிட்டோம். அப்படியானால் 600 வி.ஏ. யூ.பி.எஸ். போதுமா? இல்லை, நேராக இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடலாமா?

கண்டனூர்_எலக்ட்ரிக்கல்:

ரெண்டும் வேண்டாம். 600 வி.ஏ.-ன்னா 360 வாட்தான். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வாங்கினது. 5080 மட்டுமே 360 வாட் இழுக்கும். கரண்ட் போன நொடியில் யூ.பி.எஸ். கீச்னு கத்திட்டு அதுவும் படுத்துக்கும்.

கணக்கைப் பாருங்க. 5080-க்கு 360, கேமில் பிராசசர் 100, ஃபேன், எஸ்.எஸ்.டி., போர்டு எல்லாம் சேர்த்து 60. எஸ்.எம்.பி.எஸ். நஷ்டமும் சேர்த்தா சுவரில் 570, 580. மானிட்டர் ஒரு 80. மொத்தம் 650 சுமார். 1500 வி.ஏ., 900 வாட் யூ.பி.எஸ். சரியா இருக்கும். பேட்டரியில் நாலஞ்சு நிமிஷம் நிக்கும், சேவ் பண்ணிட்டு அணைக்க அது போதும். 5090 வாங்கினா மொத்தம் 900-ஐத் தொடும். அப்போ 2 கே.வி.ஏ., ஆன்லைன் ரகமா (மாறுற இடைவெளியே இல்லாம எப்பவும் இன்வெர்ட்டர் வழியா ஓடுறது) இருந்தா நல்லது, அதோட விலையும் தனி.

வாங்கும்போது அவுட்புட் சைன் வேவான்னு கேளுங்க. கேமிங் எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் ஆக்டிவ் பி.எஃப்.சி. (இழுக்கிற கரண்டைச் சீராக்குற சர்க்யூட்) உள்ளது. படிப்படியா வர்ற போலி சைன் அலையில் சிலது ஓடும், சிலது மாறுற நேரத்தில் பொட்டுனு அணையும், அதிலும் முழு லோடில். இன்வெர்ட்டர் சைன் வேவா இருந்தாலும், பின்னால இருக்கிற சுவிட்ச் நார்மல் மோடில் இருந்தா மாற எடுத்துக்கிற நேரம் எஸ்.எம்.பி.எஸ். தாங்குற 12, 17 மில்லிசெகண்டைவிட அதிகம். யூ.பி.எஸ். மோடில் வைச்சா மாறிடும், ஆனா வீட்டு ஃபேனும் லைட்டும் ஓடுற அதே இன்வெர்ட்டரில் 650 வாட்டைச் சேர்த்தா ஓவர்லோடு.

ஐப்பசி இடி மழையில் யூ.பி.எஸ். காப்பாத்தும்னு நம்பாதீங்க. பிளக்கைப் பிடுங்கிடுங்க, இன்டர்நெட் வர்ற லேன் கேபிளையும் சேர்த்து. பாதி போர்டு சாகிறது லேன் வழியாத்தான்.

புதுவயல்_மில்ரோடு:

கேபினட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று பக்கம் கண்ணாடி உங்கள் வீட்டுக்கு ஆகாது. முன்பக்கம் கண்ணாடி வந்தால் காற்று பக்கவாட்டிலும் அடியிலும்தான் நுழைய வேண்டும். அடியில் இழுக்கிற ஃபேன் தரைத் தூசியை அப்படியே உறிஞ்சும். செம்மண் தூசி, வளவில் நெல்லோ மிளகாயோ காய வைத்தால் அதன் தூள், பழைய சுவரின் சுண்ணாம்பு எல்லாம் சேரும். எங்கள் பக்கம் அரிசி ஆலை உமித்தூள் வேறு. சுண்ணாம்பும் உமிச்சாம்பலும் ஈரம் பட்டால் ஹீட்சிங்க் தகட்டில் பிசின் மாதிரி ஒட்டும், ஊதினால் போகாது.

முன்பக்கம் வலை உள்ள கேபினட் எடுங்க, லியன் லி லான்கூல் 216 மாதிரி. முன்னால் 160 மி.மீ. ஃபேன் இரண்டு அதோடே வரும், பெரிய கார்டும் உள்ளே அடங்கும். உள்ளே தள்ளுகிற காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், முன்னால் இரண்டு பெரியது, பின்னால் ஒன்று. அப்போது இடுக்கு வழியே காற்று வெளியேதான் வரும், தூசி வடிகட்டி வழியே மட்டும் நுழையும். மேலே மூன்று ஃபேன் வைத்து எல்லாவற்றையும் வெளியே இழுக்கவிட்டால் கணக்குத் தலைகீழ். ஒவ்வொரு இடுக்கும் தூசி உறிஞ்சும் வாயாகிவிடும்.

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காய்ந்ததும் மாட்டுங்க. உள்ளே புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்க, சுற்றவிட்டால் பேரிங் போகும். தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்தி, ஒரு முக்காலி மேல் வையுங்க.

பின்பக்கம் காலியாக இருக்கிற பி.சி.ஐ. ஸ்லாட் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். வெதுவெதுப்புக்குப் பல்லி வரும். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே குறுக்கே விழுந்தால் பல்லியும் போச்சு, எஸ்.எம்.பி.எஸ்.-உம் போச்சு. அந்தச் சேதத்தை வாரண்டியில் ஏற்க மாட்டார்கள்.

பள்ளத்தூர்_4கே:

5090 வேண்டாம் என்று எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். 5090-ஐ 575 வாட்டில்தான் ஓட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. பவர் லிமிட்டை 80 சதவீதத்தில் வைத்தால் 460 வாட்தான். வேக இழப்பு பெரும்பாலான கேம்களில் பத்து சதவீதத்தைத் தொடாது. அப்போதும் 5080-ஐவிட வெகுதூரம் மேலே நிற்கும். ஐந்தாறு வருஷம் மாற்றாமல் வைத்துக்கொள்கிற ஆளாக இருந்தால் 32 ஜி.பி. பின்னால் கைகொடுக்கும்.

ஆனால் 5090 எடுத்தால் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ஒன்று அந்த 16 பின் கனெக்டர். 2022-இல் 4090 வந்தபோது உருகியது இதன் முந்தைய வடிவம். புதிய வடிவமான 12வி-2x6-இல், முழுக்கச் செருகியதை உணரும் சென்ஸ் பின்னைக் குட்டையாக்கினார்கள். முழுக்கச் செருகாவிட்டால் கார்டு பவர் எடுக்காது. அப்படியும் 575 வாட் என்றால் 12 வோல்ட்டில் 48 ஆம்பியர், ஆறு கம்பியில் பிரிகிறது. ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கு மற்றதில் ஏறும், அந்தக் கம்பி சூடாகும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் வரும் நேரடி கேபிளையே பயன்படுத்துங்க. பார்வைக்கு அழகான தனி எக்ஸ்டென்ஷன், எல் வடிவ அடாப்டர் எதுவும் வேண்டாம். கிளிக் சத்தம் கேட்கணும், விளிம்பில் இடைவெளி தெரியக் கூடாது, முதல் 35 மி.மீ. வளைக்காமல் நேராகப் போகணும். கண்ணாடிக் கதவு கேபிளை அமுக்கினால் கேபினட் அகலம் போதவில்லை என்று பொருள். சந்தேகத்துக்கு அடிக்கடி கழற்றி மாட்டவும் கூடாது, அந்தக் கனெக்டரின் ஆயுளே 30 தடவைதான்.

இரண்டாவது சூடு. என்விடியாவின் சொந்த வடிவ 5090 இரண்டு ஸ்லாட் தடிமன்தான். சூட்டுக் காற்றை அப்படியே மேலே, பிராசசர் கூலர் முகத்தில் அடிக்கும். அங்கே ஏர் கூலர் இருந்தால் 60 டிகிரிக் காற்றைக் குடிக்கும். அந்தக் கார்டுக்கு மட்டும் மேலே வைக்கிற 360 லிக்விட் நியாயம்.

கொத்தமங்கலம்_கம்ப்யூட்டர்:

பள்ளத்தூர் அண்ணன் சொன்னது தொழில்நுட்பமாகச் சரி. ஆனால் 460 வாட்டுக்கு அடக்கி ஓட்டத்தான் இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுப்பதா என்பது தம்பியின் பை சொல்லும். அவர் எழுதிய உபயோகத்துக்கு என் ஓட்டு 5080-க்கே.

கூலரில் உடன்படுகிறேன். 5080-க்கும் 9800எக்ஸ்3டி-க்கும் லிக்விட் வேண்டாம். 9800எக்ஸ்3டி-யின் உச்ச இழுப்பே 162 வாட், கேமில் அதைவிட வெகு குறைவு. இரட்டை டவர் ஏர் கூலர், தெர்மல்ரைட் பாண்டம் ஸ்பிரிட் மாதிரி ஒன்று, தாராளம். ஃபேன் போனால் முந்நூறு நானூறு ரூபாயில் மாற்றிவிடலாம். லிக்விடில் பம்ப் போனால் முழுதாக மாற்ற வேண்டும், அதுவும் கூரியர் போய்வரும் வரை பி.சி. சும்மா கிடக்கும்.

யூடியூப் விமரிசனத்தில் பார்க்கிற வெப்பநிலையை அப்படியே நம்பாதீங்க. அவர்கள் அறை 21, 22 டிகிரி. உங்கள் மாடி அறை அக்னி நட்சத்திரத்தில் 38. எந்தக் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே போகாது, அந்த 16 டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ளணும். அங்கே 68 காட்டிய கார்டு இங்கே 84. 90-ஐ நெருங்கினால் கார்டு தானே வேகத்தைக் குறைக்கும். அதற்காகத்தான் 5080-லேயும் பெரிய, மூன்று ஃபேன் மாடல் எடுக்கச் சொல்வது.

உள்ளறை காலையில் குளுமையாக இருக்கும், கனத்த சுவர். ஆனால் சன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில் 650 வாட் ஓடினால் அது ஒரு சின்ன ஹீட்டர்தான். கதவை மூடி இரண்டு மணி நேரம் ஆடினால் மாடி அறையே மேல் என்று தோன்றும். கதவைத் திறந்து வைத்து, கதவுக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வளவுப் பக்கம் தள்ளுமாறு வைக்க முடிந்தால் உள்ளறைதான் என் தேர்வு. வளவிலேயே திறந்த இடத்தில் வைக்க நினைக்காதீங்க, மழைச்சாரல் எவ்வளவு உள்ளே வரும் என்று உங்களுக்கே தெரியும். ஏ.சி. போடுவதாக இருந்தால், 1 டன் என்பது 3500 வாட் சூட்டை வெளியேற்றுவது. பி.சி. அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும். 1 டன் போதுமென்று கணக்கிட்ட அறைக்கு ஒன்றரை டன்னாகப் போடுங்க.

ஈ.பி. பில்லும் கேட்டுவிடுங்க வீட்டில். 650 வாட், நாளைக்கு 4 மணி நேரம் என்றால் 2.6 யூனிட். இரண்டு மாசத்துக்கு 156 யூனிட். அதனால் வீட்டுக் கணக்கு 500-ஐத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறாது, தொடக்க யூனிட்டுகளுக்கான சலுகையும் குறைந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். 5080-க்கு 850 வாட், ஏ.டி.எக்ஸ் 3.1 (புதிய எஸ்.எம்.பி.எஸ். தரம்), அந்த 16 பின் கேபிள் நேரடியாக வருவது.

பள்ளத்தூர்_4கே:

மானிட்டரில் ஒரு சங்கதி விட்டுப்போயிற்று. 5080 எடுத்து மிச்சமாகிற காசில் 32 அங்குல 4கே 240 ஹெர்ட்ஸ் ஓலெட் வரும். பிரமாதமான படம், சந்தேகமில்லை. ஆனால் கியூ.டி.-ஓலெட் பேனல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் கறுப்பைக் கறுப்பாகக் காட்டாது, ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். உள்ளறைக்குப் பிரச்சினையே இல்லை, வளவு வெளிச்சத்துக்கு எதிரே வைக்கக் கூடாது.

நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவரில் சுவிட்சை அணைக்கிற பழக்கம் உண்டு. ஓலெட்டுக்கு அது ஆகாது. நாலு மணி நேரம் ஓடினபிறகு ஸ்டாண்ட்பையில் சில நிமிடம் பிக்சலைச் சரிசெய்யும் வேலையைத் தானே செய்யும். கரண்டை அறுத்தால் அது நடக்காது, டாஸ்க்பாரும் கேமின் உயிர்ப்பட்டையும் பேனலில் நிழலாகப் பதிய ஆரம்பிக்கும். மானிட்டரை அதன் பட்டனில் அணைத்து, பத்து நிமிடம் விட்டுப் பிறகு சுவரில் அணையுங்க.

தேவகோட்டை_தம்பி:

எல்லோருக்கும் நன்றி. மாற்றிய பட்டியல்: 9800எக்ஸ்3டி, 5080 மூன்று ஃபேன், பி850, 6000 சி.எல்.30 16 ஜி.பி. இரண்டு, ஜென் 4 2 டி.பி., 850 வாட், ஏர் கூலர், வலை கேபினட், 32 ஓலெட், 1500 வி.ஏ. சைன் வேவ் யூ.பி.எஸ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி அங்கேயே அசெம்பிள் செய்து பல்லவன் ரயிலில் கொண்டுவரலாம் என்று யோசனை. சரியா?

கொத்தமங்கலம்_கம்ப்யூட்டர்:

பட்டியல் சரி. அசெம்பிள் செய்து கொண்டுவந்தால் கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியாகக் கொண்டுவாங்க. இரண்டு கிலோ எடை, ரயில் குலுக்கலில் ஸ்லாட் பிளந்துவிடும். டவர் கூலரும் கனம்தான். கேபினட்டைப் படுக்கவைத்து, போர்டு கீழே, கூலர் மேலே நோக்கி இருக்கும்படி கொண்டுவாங்க. வீட்டில் மாட்டியபின் கார்டுக்கு அடியில் முட்டு ஒன்று கொடுங்க.

கடையிலேயே பெட்டியில், பாகத்தில், பில்லில் உள்ள சீரியல் நம்பர் மூன்றும் ஒன்றா என்று பாருங்க. கார்டுக்கும் போர்டுக்கும் இந்திய விநியோகஸ்தர் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், வாரண்டிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள்.

முதல் தடவை ஆன் செய்தால் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும், ஃபேன் மட்டும் சுற்றும். டி.டி.ஆர்.5 ரேமை போர்டு பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்க. பிறகு முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது, எக்ஸ்போவை அதற்கப்புறம் ஆன் செய்வது. 2023-இல் எக்ஸ்3டி பிராசசர்கள் கருகிய விவகாரத்துக்குப் பிறகுதான் எஸ்.ஓ.சி. வோல்ட்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3-க்குள் பூட்டினார்கள், ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் அந்த அளவையும் ஒரு பார்வை பாருங்க. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு ராத்திரி முழுக்க ஓடி ஒரு பிழைகூட வரக் கூடாது. ஒன்று வந்தாலும் ரேமை மாற்றக் கேளுங்க.

கண்டனூர்_எலக்ட்ரிக்கல்:

ரயில் டிக்கெட் போடுறதுக்கு முன்னால லைனையும் எர்த்தையும் முடிச்சுடுங்க. கடையில் மாத்திக் கொடுக்கிற நாள் கணக்கு பில் தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும், எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் பெட்டியைப் பிரிக்காம வைச்சிருந்தா அது வீணாப்போகும். வேலை முடிஞ்சதும் அயர்ன் பாக்ஸ் லோடில் எடுத்த மூணு அளவையும் இங்கே போடுங்க. நியூட்ரல்-எர்த் 3-க்கு மேலே காட்டினா ஜாயின்ட் எங்கேன்னு தேடிட்டு அப்புறம் கிளம்பலாம்.